சஞ்சிகைக்குச் சொந்த சேர்வர்: எதை எடுப்பது, எதை விடுவது

கேட்டிருப்பது இது. வெள்ளவத்தையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு தமிழ்ச் சஞ்சிகை நடத்துகிறீர்கள். கட்டுரைகளும் படங்களும் கூகிள் ட்ரைவில் இருக்கின்றன, பேச்சு முழுக்க வட்ஸ்அப்பில், இணையத்தளம் வேர்ட்பிரஸில். உங்களுக்குள் மூன்று கட்சி. அமெரிக்கக் கம்பனிகளை நம்பியிருந்தது போதும், எல்லாவற்றையும் சொந்த சேர்வருக்குக் கொண்டுவருவோம் என்கிறார் ஒருவர். ஓப்பன் சோர்ஸ், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள், எழுதுகிறவர்களின் அரசியலும் சண்டையும் அதைவிட மோசம், அவர்களை மட்டும் எப்படி நம்புவது என்கிறார் இன்னொருவர். மூன்றாமவருக்கு இது எதுவுமே வேண்டாம். இருக்கிறபடி ஓடட்டும், நாங்கள் சஞ்சிகை போட வந்தவர்கள் என்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்புகளையும் இணையத்தளத்தையும் உங்கள் கைக்கு எடுங்கள். மின்னஞ்சலைச் சொந்தமாக நடத்தப் போகாதீர்கள். வட்ஸ்அப்பை இப்போதைக்கு விட முடியாது. அதில் எதைப் பேசுவது என்பதை மட்டும் மாற்றலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் காப்புப் பிரதி. கொழும்பில் சிறு அமைப்புகளுக்கு சேர்வர் போட்டுக் கொடுத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த அனுபவத்தில், உங்கள் மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாமவர் கவலைப்படுவது சரி. ஆனால் துண்டிப்பு என்றதும் அவர் வாஷிங்டனை நினைக்கிறார். எங்கள் விஷயத்தில் முதலில் துண்டித்தது கொழும்புதான். 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டியைச் சுற்றியும் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மறுபடியும் முடக்கம், அந்த மாத முடிவு வரை. மே மாதத்தில் இன்னொரு முறை. 2022 ஏப்ரல் 3 அன்று, ஊரடங்குக்கு நடுவில், பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி என்று சொல்லி மீண்டும் நிறுத்தினார்கள். அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆனாலும் வட்ஸ்அப் குழு ஒன்றையே அலுவலகமாக வைத்திருந்தவர்களுக்கு அன்று அலுவலகம் இல்லை.

அந்த ஒவ்வொரு முறையும் அடைபட்டவை பெயர் சொல்லித் தடுக்கப்பட்ட தளங்கள். இணையம் முழுதாக நிற்கவில்லை. சொந்தத் தளமும் சொந்தக் கோப்புச் சேர்வரும் வைத்திருந்தவர்கள் வேலையைத் தொடர முடிந்தது. இது சொந்தமாக நடத்துவதற்கு ஒரு நல்ல காரணம். அதற்காக அதை முழுக் கவசம் என்று நினைத்துவிட வேண்டாம். 2007-இல் தமிழ்நெட் தளத்தை இலங்கையில் தடுத்தார்கள். கொழும்பு டெலிகிராப்பும் தடைப்பட்டு, 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகுதான் திறந்தது. சொந்தத் தளத்தையும் ஒரு கடிதத்தில் மூடலாம். தளம் மூடப்பட்டாலும் உள்ளே இருந்தது உங்களிடம் இருக்கிறதா, வேறு முகவரியில் அதை மறுநாளே ஏற்ற முடியுமா என்பதுதான் கேள்வி.

வெளியிலிருந்து வரும் துண்டிப்பும் கற்பனை இல்லை. 2019-இல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம், அமெரிக்கத் தடைகளைக் காரணம் காட்டி ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் கணக்குகளைக் கட்டுப்படுத்தியது. 2025 ஜூலையில் இந்தியாவின் நயாரா எனர்ஜிக்கு நடந்தது எங்களுக்கு இன்னும் கிட்ட. ரஷ்யாவின் ரொஸ்னெஃப்ட் பங்கு வைத்திருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம் அது. ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததும் மைக்ரோசொஃப்ட் அதன் மின்னஞ்சலையும் மற்றச் சேவைகளையும் நிறுத்தியது. காசு கட்டித்தான் பாவித்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் சேவை திரும்பியது. வழக்குப் போட அவர்களிடம் வக்கீல் இருந்தார். வெள்ளவத்தைச் சஞ்சிகையின் கணக்கை ஒரு தானியங்கி முடக்கினால், யாரிடம் போய் நிற்பீர்கள்?

எங்கள் ஊரில் மூன்றாவது ஒரு துண்டிப்பும் உண்டு. டொலர். 2022 தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் சில மாதங்களில் 350-ஐத் தாண்டியது. டொலரில் கட்டும் சந்தா எல்லாம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனது. அதே நேரத்தில் வெளிநாட்டுக்குக் காசு அனுப்புவதே சிக்கலாக இருந்தது. சந்தா நின்றால் கோப்பும் நிற்கும் என்ற ஏற்பாட்டை ஒரு சிறு சஞ்சிகை தன் தலையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வதற்கு, எந்த நாட்டு ஜனாதிபதியையும்விட அந்த வருடம்தான் பெரிய காரணம்.

இப்போது இரண்டாமவர். அவருடைய கேள்விதான் கடினமானது. ஓப்பன் சோர்ஸ் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால், அது பிழை. 2024 ஒக்டோபரில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலின் பராமரிப்பாளர் பட்டியலில் இருந்து ரஷ்யாவோடு தொடர்புடைய பத்துப் பதினொரு பேரின் பெயர்கள் நீக்கப்பட்டன. சட்டத் தேவைகள் என்று ஒரு வரிதான் காரணம் சொல்லப்பட்டது. பல வருடம் உழைத்தவர்களை அப்படி அனுப்பியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே நடந்ததையும் நயாராவுக்கு நடந்ததையும் ஒன்றாக வைக்க மாட்டேன். பட்டியலில் இருந்து பெயர் போனவருடைய கணினியில் லினக்ஸ் நிற்கவில்லை. அவர் அதை இறக்கலாம், திருத்தலாம், தன் ஊரில் ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம். உரிமம் அவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை.

அந்த உரிமம் இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். 2019-இல் கேப் என்ற தீவிர வலதுசாரித் தளம் மாஸ்டடோன் என்ற திறந்த சமூக ஊடக மென்பொருளை எடுத்துத் தன் தளத்தை அதன்மேல் கட்டியது. மாஸ்டடோன் எழுதியவர்கள் அதை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். ஆனாலும் பாவிக்கக் கூடாது என்று சொல்ல உரிமம் இடம் தரவில்லை. மாஸ்டடோன் ஓடும் பல சேர்வர்கள் கேப்பைத் தங்கள் பக்கத்தில் தடுத்தன, அவ்வளவுதான். 2021-இல் டொனால்ட் ட்ரம்ப்பின் ட்ரூத் சோஷல் அதே மென்பொருளை எடுத்து மூல நிரலை மறைக்கப் பார்த்தது. மாஸ்டடோன் தரப்பு உரிமத்தைக் காட்டிக் கேட்டதும் நிரலை வெளியிட வேண்டி வந்தது. கெட்டவர் கையில் போகாமல் தடுக்கும் மென்பொருள் வேண்டும் என்றால் ஓப்பன் சோர்ஸில் அது கிடைக்காது. யார் கையில் இருந்தாலும் அதே விதி என்பதுதான் அங்கே கிடைக்கும். இலங்கையில் தமிழில் சஞ்சிகை நடத்துகிறவர்களுக்கு இரண்டாவது ஏற்பாடு நல்லது என்று நினைக்கிறேன். யார் கெட்டவர் என்று பட்டியல் போடும் அதிகாரம் எந்தக் காலத்திலும் எங்கள் கையில் இருந்ததில்லை.

எழுதியவரின் கருத்துப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? நான் சில விஷயங்களைப் பார்ப்பேன். அவருக்கு எங்கள் காசு போகிறதா? மென்பொருள் எங்கள் தரவை அவரிடம் அனுப்புகிறதா? நாளைக்கு அவர் பைத்தியக்காரத்தனமாக ஏதாவது செய்தால், அவர் இல்லாமல் அதைக் கொண்டுபோக வேறு ஆட்கள் இருக்கிறார்களா? மூன்றுக்கும் பதில் திருப்தி என்றால், அவர் சமூக ஊடகத்தில் எழுதுவது என் சேர்வருக்குள் வராது. இன்னொன்றும் பார்ப்பேன், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: சிக்கல் வந்தால் உதவி கேட்கப் போகும் இடம் எப்படிப்பட்டது? உங்கள் குழுவில் இருக்கும் இருபது வயதுப் பிள்ளை ஒன்று அங்கே போய்க் கேள்வி கேட்டால் மரியாதையாகப் பதில் கிடைக்குமா, அவமானப்பட்டுத் திரும்புமா? அது கொள்கைக்கு முந்திய, அன்றாடப் பிரச்சினை. அங்கே மரியாதை இல்லை என்றால் வேறு மென்பொருள் தேடுவேன்.

அரசியல் நிரலுக்குள்ளேயே புகுந்த சம்பவமும் உண்டு. 2022 மார்ச்சில் நோட்-ஐபிசி என்ற சிறு நிரல் தொகுப்பை எழுதியவர், ரஷ்யாவிலோ பெலருஸிலோ இருந்து இணைகிற கணினிகளில் கோப்புகளை அழித்து இதயக் குறியால் நிரப்பும் வரிகளைச் சேர்த்தார். போருக்கு எதிர்ப்பாம். எதிர்ப்பின் நியாயம் எதுவாக இருந்தாலும், முன்பின் தெரியாதவருடைய கோப்பை அழிப்பதை என்னால் ஏற்க முடியாது. 2024 மார்ச்சில் வெளிவந்த, லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் மென்பொருளின் விவகாரம் இன்னும் பயங்கரம். நம்பிக்கையைச் சம்பாதித்துப் பராமரிப்பாளராகவே ஆகிவிட்ட ஒருவர், வெளியாள் இரகசியமாக நுழையப் பின்கதவு ஒன்றை உள்ளே வைத்திருந்தார். ஆந்த்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியியலாளர், உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால் அது பிடிபட்டது. மூல நிரல் திறந்திருந்ததால் பிடிக்க முடிந்தது என்பதும், தற்செயலாகத்தான் பிடிபட்டது என்பதும் இரண்டுமே உண்மை.

இதில் உங்களுக்கு உள்ள பாடம் வெறும் நடைமுறை. அந்தப் பின்கதவு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரைதான் வந்தது, நன்கு சோதித்து வெளியிடும் ஸ்டேபிள் பதிப்புக்குள் வரவில்லை. ஆகவே சேர்வரில் டெபியன் ஸ்டேபிள் போடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறட்டும். மற்றப் புதுப் பதிப்புகளை வந்த அன்றே ஏற்றாமல் கொஞ்சம் பொறுத்து ஏற்றுங்கள். புதுசு புதுசாகப் பார்க்க ஆசைப்படுகிறவர் உங்கள் குழுவில் இருந்தால், அவருக்கு வேறொரு பழைய மடிக்கணினியைக் கொடுத்துவிடுங்கள்.

சண்டைகளைப் பற்றியும் அவர் சொல்வது சரி, நிறைய நடக்கின்றன. ஆனால் ஓப்பன் சோர்ஸில் சண்டைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். சன் கம்பனியை ஓரக்கிள் வாங்கியதும் 2010-இல் ஓப்பன் ஆபீஸ் என்ற ஆவண மென்பொருளில் இருந்து லிப்ரே ஆபீஸ் பிரிந்தது. 2016-இல், கோப்புப் பகிர்வு மென்பொருளான ஓன்கிளவுட்டைத் தொடங்கியவரே வெளியேறி நெக்ஸ்ட்கிளவுட்டை ஆரம்பித்தார். 2024-இல் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் உரிமத்தை இறுக்கியதும் வால்கீ பிறந்தது, அடுத்த வருடம் ரெடிஸே திறந்த உரிமத்துக்குத் திரும்பியது. மூன்றிலும் பாவனையாளர்கள் தங்கள் கோப்புகளோடு அடுத்த வீட்டுக்குப் போக முடிந்தது. மூடிய சேவையில் முதலாளி மாறினால் உங்களுக்கு உள்ள ஒரே உரிமை, புது நிபந்தனைகளுக்கு 'சம்மதம்' என்று அழுத்துவது.

வேர்ட்பிரஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அதில்தான் இருக்கிறீர்கள். 2024 செப்டெம்பரில் அதன் நிறுவுநர்களில் ஒருவரான மாட் முல்லன்வெக், டபிள்யூபி இன்ஜின் என்ற, தளங்களுக்கு சேர்வர் இடம் வாடகைக்குக் கொடுக்கும் ஹோஸ்டிங் கம்பனியோடு மோதினார். அந்தக் கம்பனியின் வாடிக்கையாளர்கள் வேர்ட்பிரஸின் மையக் களஞ்சியத்திலிருந்து ப்ளகின்களை (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்களை) புதுப்பிக்க முடியாமல் போனது. அந்தக் கம்பனியின் ப்ளகின் ஒன்றின் பக்கமே கைமாற்றப்பட்டது. டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தலையிட்டது. மென்பொருள் திறந்ததாக இருந்தும், களஞ்சியம் ஒருவர் கையில் இருந்ததால் வந்த வினை இது. இதற்காக வேர்ட்பிரஸை விட்டு ஓடத் தேவையில்லை. ப்ளகின்களைக் குறையுங்கள், அது போதும். ஒரு சஞ்சிகைத் தளத்துக்கு ஐந்தாறுக்கு மேல் ஏன் வேண்டும்?

இரண்டாமவரிடம் இன்னும் ஒரு விஷயம். மனச்சாட்சிக்காக ஒரு மென்பொருளை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதே அளவுகோலை வட்ஸ்அப்புக்கும் வைக்கட்டும். 2018 வன்முறையில் தன் தளம் பாவிக்கப்பட்ட விதத்துக்காக பேஸ்புக் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. வட்ஸ்அப் அதே கம்பனியின் சொத்து. சுத்தமான கை தேடுவதென்றால் எல்லாப் பக்கமும் தேட வேண்டும்.

சரி, செய்வதென்றால் எப்படி?

முதல் வேலைக்கு சேர்வரே தேவையில்லை. பழைய இதழ்களின் கோப்புகள் உங்களிடம் எந்த வடிவில் இருக்கின்றன என்று பாருங்கள். இலங்கைத் தமிழ்ச் சஞ்சிகை என்றால் ஒரு பகுதியாவது பாமினியில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கொட்டிக் கிடக்கும், மெய்யெழுத்துக்குப் புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் ஆங்கில அரைப்புள்ளி நிற்கும். அவற்றை யுனிகோடுக்கு மாற்றி, லிப்ரே ஆபீஸின் திறந்த வடிவில் ஒன்றும் பிடிஎஃப் ஒன்றுமாகச் சேமியுங்கள். மாற்றிகளை நம்பி அப்படியே விட்டுவிடாமல் ஒருவர் இருந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும். எண்களும் மேற்கோள் குறிகளும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் அடிக்கடி குழம்பும். அலுப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் உலகத்திலேயே சிறந்த சேர்வரில் ஏற்றினாலும், பத்து வருடத்தில் அவை வாசிக்க முடியாத கோப்புகள்.

அடுத்து இயந்திரம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் அலுவலகங்கள் கழித்துவிட்ட சின்ன டெஸ்க்டொப் பெட்டிகள் பாவித்த நிலையில் கிடைக்கும். அதில் ஒன்று போதும். ரேம் எட்டு ஜிபி, கூடினால் பதினாறு. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் புதிதாக வாங்குங்கள், பாவித்த டிஸ்க் வேண்டாம். இப்படிப்பட்ட பெட்டி சராசரியாகப் பதினைந்து வாட் இழுக்கும், மாதத்துக்குச் சுமார் 11 யூனிட். மின்கட்டணத்தில் பயப்பட ஒன்றுமில்லை. அதில் டெபியன், அதன்மேல் நெக்ஸ்ட்கிளவுட். கோப்புப் பகிர்வு, நாட்காட்டி, சேர்ந்து திருத்துவது எல்லாம் அதில் வந்துவிடும். வெளியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே வர வயர்காட் என்ற விபிஎன் மென்பொருள். வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் நிலையான ஐபி முகவரி இருக்காது, சிலவற்றில் சொந்த ஐபியே இருக்காது. அதனால் வெளியே வாடகைக்கு எடுக்கும் சிறு சேர்வர் ஒன்றை வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இணையத்தளத்தையும் அதிலேயே வையுங்கள். வாசகர் வரும் தளத்தை வெள்ளவத்தை மாடியொன்றின் இணைப்பில் தொங்கவிடக் கூடாது.

மின்சாரம் பற்றி எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேர வெட்டு. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. யூபிஎஸ் வாங்கினால் மட்டும் போதாது. யூபிஎஸ்ஸிலிருந்து பெட்டிக்கு ஒரு யூஎஸ்பி வயர் போகும், அதைச் செருகி 'நட்' என்ற மென்பொருளைப் போட்டால், பற்றரி இறங்கும்போது பெட்டி ஒழுங்காகத் தன்னை மூடிக்கொள்ளும். அந்த வயரை யாருமே செருகுவதில்லை. நான் பார்க்கப் போகும் இடங்களில் அது பெரும்பாலும் யூபிஎஸ் வந்த பெட்டிக்குள்ளேயே சுருட்டிக் கிடக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னலுக்கு ரவுட்டரும் சேர்ந்து எரியும். இடி தடுப்பான் உள்ள நல்ல பிளக் பலகை ஒன்றில் அதையும் மாட்டுங்கள்.

பூட்டு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. முகநூல் பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களை எங்கள் சமூகம் கண்டிருக்கிறது. அலுவலகத்தில் இருக்கும் பெட்டியை யாரும் வந்து தூக்கிக்கொண்டு போகலாம், திருடனும்தான். ஆகவே டிஸ்க்கைக் குறியாக்கம் செய்ய வேண்டும். ஆனால் முழு டிஸ்க்கையும் சாதாரண முறையில் குறியாக்கினால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் யாராவது நேரில் போய்க் கடவுச்சொல் அடிக்க வேண்டும். கொழும்பில் இது நடக்காத காரியம். நான் செய்வது: இயங்குதளத்தைத் திறந்தபடி விட்டு, தரவு இருக்கும் பகுதியை மட்டும் 'லக்ஸ்' முறையில் பூட்டுவது. கரண்ட் வந்ததும் பெட்டி தானாக எழும்பும், பொறுப்பானவர் வீட்டிலிருந்தே வயர்காட் வழியாக உள்ளே வந்து தரவுப் பகுதியைத் திறப்பார். அதுவரை நெக்ஸ்ட்கிளவுட் திறக்காது, அந்த அரை மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

காப்புப் பிரதிக்கு வருகிறேன். சொந்த சேர்வர் என்பதாலேயே தரவு பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு, 2023-இல் இலங்கை அரசு மேகக் கணிமையில் நடந்ததைச் சொல்வேன். மீட்புப் பணம் கேட்கும் தாக்குதல் ஒன்றில், சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போனது. அந்தக் காலப்பகுதிக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்ததும் 2013-ஆம் ஆண்டின் பழைய மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் மென்பொருள். பணமும் ஆட்களும் உள்ள அரசுக்கே இந்த நிலை. உங்கள் சேர்வரில் இருப்பதற்கு இன்னும் இரண்டு பிரதிகள் வேண்டும், அதில் ஒன்றாவது கொழும்புக்கு வெளியே. 'ரெஸ்டிக்' என்ற மென்பொருள் பிரதியைக் குறியாக்கம் செய்துதான் அனுப்பும். அதனால் யாழ்ப்பாணத்தில் உங்கள் எழுத்தாளர் ஒருவர் வீட்டில் ஒரு டிஸ்க், டொராண்டோவில் உறவினர் வீட்டில் ஒரு டிஸ்க் என்று வைக்கலாம். வைத்திருப்பவரால் உள்ளே என்ன என்று பார்க்க முடியாது, பார்க்க முடியாதவரைக் கேட்டு யாரும் துன்பப்படுத்தவும் காரணம் குறையும். 1981-இல் யாழ் நூலகத்தோடு எரிந்தவற்றில் சிலவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதியே இருக்கவில்லை. எங்கள் எழுத்து எதுவும் ஒரே கட்டடத்தில் இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சமரசம் கிடையாது. இதழ் வெளிவந்ததும் நூலகம் திட்டத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவரும் அந்தத் தளமும் விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் நிற்கிறது.

மின்னஞ்சல் ஏன் வேண்டாம் என்றேன்? அனுப்பும் அஞ்சல் போய்ச் சேர்வது உங்கள் கையில் இல்லை, அதனால்தான். புதிய ஐபியிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய சேவைகள் குப்பைக்குள் தள்ளும். 2024 பெப்ரவரியில் இருந்து மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குக் கூகிளும் யாஹூவும் விதிகளை இறுக்கிவிட்டன. எல்லாம் சரியாக அமைத்தாலும் ஒரு நாள் சந்தாதாரர் பாதிப் பேருக்குக் கடிதம் போகாது, ஏன் என்று கேட்க ஆள் இருக்காது. சொந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) ஒன்றை மட்டும் வாங்கி, காசு கொடுத்து நம்பகமான மின்னஞ்சல் சேவை ஒன்றில் வையுங்கள். டொமைன் உங்களுடையதாக இருக்கும்வரை சேவையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், முகவரி மாறாது. அந்த டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள். முதலில் தளம் செய்து கொடுத்த பையனின் பெயரில் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள்.

வட்ஸ்அப்பில் வாசகர்களோடு பேசுங்கள், அறிவிப்புப் போடுங்கள். ஆசிரியர் குழுவின் பேச்சு சிக்னல் என்ற செய்திச் செயலியில் இருக்கட்டும். கட்டுரைக் கோப்பை இரண்டிலும் அனுப்பாமல் நெக்ஸ்ட்கிளவுட் இணைப்பை அனுப்புங்கள். முடக்கம் வந்தால் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்களை ஒரு தாளில் எழுதி எல்லோரும் வைத்திருங்கள். 2022 ஏப்ரலில் சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வேலை செய்தன.

வாசகர் கருத்துப் பகுதியையும் விவாதக் களத்தையும் இப்போது தொடங்க வேண்டாம். 2024-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், உள்ளடக்கத்தை நீக்கச் சொல்லும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. மற்றவர் பேச்சை உங்கள் சேர்வரில் வைத்தால் அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பும் உங்களிடம் வரும். அந்தச் சட்டம் மிக மோசமானது என்பது என் கருத்து, ஆனால் மோசமான சட்டமும் சட்டம்தான். சந்தாதாரர் பெயர், விலாசம் சேர்ப்பதையும் குறையுங்கள். 2022-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உங்களிடம் இல்லாத பட்டியலை யாரும் உங்களிடமிருந்து எடுக்க முடியாது.

கடைசியாக, மூன்றாமவர். அவர் சோம்பலில் பேசவில்லை என்று நினைக்கிறேன். இப்படித் தொடங்கிய எத்தனையோ அமைப்புகளில், ஆர்வமாக அமைத்த ஒரே ஆள் அவுஸ்திரேலியாவுக்குப் போனதும் எல்லாம் நின்றுவிடுகிறது. கடவுச்சொல் அவர் தலையில் இருந்தது, அவ்வளவுதான். இந்த நாட்டில் நல்ல முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்களையும் காணாமல் போனவர்களையும் நிவாரணத்தையும் பதிவுசெய்ய இங்கே தன்னார்வலர்கள் எழுதிய 'சகானா', பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பாவிக்கப்பட்டது, சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் விருதும் பெற்றது. பலர் சேர்ந்து, எழுதி வைத்து, கைமாற்றிக் கொடுத்ததால்தான் அது நிலைத்தது.

உங்களிடமும் இரண்டு பேருக்காவது சேர்வர் தெரிந்திருக்க வேண்டும். எதை எங்கே வைத்திருக்கிறோம், எப்படித் திறப்பது, எப்படி மீட்பது என்று தமிழில் நாலு பக்கத்தில் எழுதி அச்சடியுங்கள். கடவுச்சொற்களை உறையில் போட்டு ஒட்டி இரண்டு வீடுகளில் வையுங்கள். அப்புறம் அந்த நாலு பக்கத்தையும் வெற்று மடிக்கணினி ஒன்றையும் மூன்றாமவரிடம் கொடுங்கள். மற்ற இருவரும் வாய் திறக்காமல் பக்கத்தில் இருக்கட்டும். தாளை மட்டும் பார்த்து, யாழ்ப்பாணத்து டிஸ்க்கில் இருந்து பழைய இதழ் ஒன்றை அவர் மீட்டுத் திறந்துவிட்டால் கூகிள் ட்ரைவில் உள்ளதை அழிக்கலாம். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைத் தாளில் திருத்தி, மறுபடி அவரிடமே கொடுங்கள். அதுவரை இரண்டு இடத்திலும் வைத்திருங்கள்.